கண்டி மலைகளில் ஆனந்த குமாரசுவாமி

கண்டி மாநகருக்குச் செல்வோர் யாவரும் முதலில் காண விழைவது தலதா மாளிகையை; அடுத்து, அதன் காலடியில் விரிந்து கிடக்கும் வாவியை. மாலைப் பொழுதில் மலைகளின் நிழல் நீரில் விழ, கரையோரத்து மரங்களில் பறவைகள் வந்தடையும் காட்சியைக் கண்டு நிற்பவர், இந்த நீர்நிலை இம்மலைகளோடு உடன்பிறந்தது என்றே நம்பிவிடுவர். உண்மை அதுவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தில் நெல் விளைந்துகொண்டிருந்தது. கண்ணுச்சாமி என்னும் இயற்பெயர் கொண்டவனும், நாயக்கர் வழியில் வந்தவனுமாகிய கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், வயலின் குறுக்கே அணை கட்டுவித்து 1812ஆம் ஆண்டளவில் வாவியைத் தோற்றுவித்தான். மூன்றே ஆண்டுகளில் அரசிழந்தான். 1832இல் வேலூரில் சிறையிருந்தபடியே உயிர் நீத்தான்.

ஆனால் கண்டிச் சீமைக்கு இதனினும் மிகப் பழையதொரு நீர் உண்டு. அது இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. நகரைச் சூழ்ந்த மலைப்பகுதிகளில், திகனை முதலாய இடங்களில், வெள்ளை வெளேரென்ற பளிங்குச் சுண்ணக்கல் வெட்டியெடுக்கப்படுகின்றது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு காலத்தில் ஆழமற்ற கடலொன்றின் அடியில் படிந்த சேறே இந்தக் கல் என்பது இன்றைய புவிச்சரிதவியலார் கண்ட முடிபு. அந்தச் சேறு நிலத்தின் ஆழத்துக்கு அமிழ்ந்து, ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பெரு வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் வெந்து, உருமாறிப் பளிங்காயிற்று. கடல் போயிற்று; அலை போயிற்று; கல் மட்டும் நின்றது. அக்கல்லைக் கற்க வந்த ஓர் இளைஞர், கல்லோடு நில்லாமல் அந்த மண்ணிலே பிறந்த கலையையும் கற்று, அதனை உலகறியச் செய்த வரலாற்றையே இங்கு சொல்லப் புகுகின்றோம். கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமியே அவ்விளைஞர்.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. சட்டநிரூபண சபையிலே தமிழர் சார்பில் வீற்றிருந்தவர். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டமும் பின்னர் சேர் பட்டமும் பெற்ற பெருமகன். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமனார் என்றால் குடும்பத்தின் நிலை விளங்கும். தாயார் எலிசபெத் பீபி ஓர் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, 1879 மே மாதத்தில் தந்தையார் காலமானார். தாயோடு இங்கிலாந்திலே வளர்ந்த பிள்ளைக்குத் தந்தையின் நாடும் மொழியும் செவிவழிச் செய்தியாகவே இருந்தன.

குளொஸ்டர்ஷயரில் உள்ள விக்கிளிவ் கல்லூரியில் படிக்கும்போதே அவருக்குக் கல்லிலே காதல் பிறந்துவிட்டது. பதினெட்டு வயதில், 1895இல், பள்ளிக்கு அருகேயுள்ள டோவரோ குன்றின் நில அமைப்பைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் அச்சேற்றிய முதல் எழுத்து அதுவேயாம். பிற்காலத்தில் சிவதாண்டவத்தைப் பற்றி எழுதி உலகை வியக்கவைத்த பேனா, ஒரு சிறு குன்றின் கற்படைகளைப் பற்றி எழுதித்தான் பழகியது. இதனை நம் மாணவர்கள் நினைவிற்கொள்வது நன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் முதல் வகுப்பிலே தேறினார். அதே ஆண்டு இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியும், 1902இல் இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கல்லைப் பற்றியும் லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் வெளியீட்டிலே அவர் ஆய்வுகள் வெளிவந்தன. தந்தையின் நாட்டை அவர் முதலில் அறிந்துகொண்டது அதன் கல்லின் வாயிலாகவே என்பது வியப்பான செய்தி.

1902இல் ஈத்தல் மேரி பாட்ரிட்ஜ் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவை நிலையத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. கணவனும் மனைவியுமாகக் கண்டிப் பகுதியிலே குடியமர்ந்தனர்.

உத்தியோகம் அவரை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மலைநாட்டுக் கிராமங்களைச் சுற்றினார். கையிலே சுத்தியல், தோளிலே பை. எந்த ஓடையில் எந்த மணல், எந்தச் சரிவில் எந்தக் கல் என்று குறித்துக்கொண்டே செல்லவேண்டும். சப்பிரகமுவாப் பகுதியில் மாணிக்கம் தோண்டுவோர், பழைய ஆற்றுப்படுகைகளின் சரளை மண்ணை இல்லம் என்னும் சிங்களச் சொல்லால் வழங்குவர். தமிழிலோ அச்சொல்லுக்கு வீடு என்று பொருள். மாணிக்கத்துக்கும் அது வீடுதானே! ஒருகாலத்தில் ஓடி மறைந்த ஆறுகளின் படிவு அது. நீர்யானையும் காண்டாமிருகமும் இந்நாட்டில் வாழ்ந்திருந்தன என்பதற்கு அத்தகைய படிவுகளிலேதான் பிற்காலத்தில் எலும்புகள் கிடைத்தன. குமாரசுவாமியின் காலத்தில் பலாங்கொடைப் பக்கத்துச் சரளையிலிருந்து கரிய நிறமும் கனசதுர வடிவமும் கொண்ட மிகக் கனமான ஒரு தாதுப்பொருள் வெளிப்பட்டது. அது முன்னர் அறியப்படாத புதிய கனிப்பொருள் என்பது 1904இல் உறுதிப்பட்டது. தோரியனைட்டு என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. ஒட்டோ ஹான் என்னும் இளம் ஜெர்மானியர் லண்டனில் இருந்து அந்தக் கனிப்பொருளை ஆராய்ந்தே ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். அணுவைப் பிளந்தோர் வரிசையில் பின்னர் இடம்பெற்றவர் அவர். நம் நாட்டு ஆற்றுமணல் அணுவிஞ்ஞானத்தின் தொட்டிலில் ஒரு கை கொடுத்தது எனலாம்.

இத்தகைய வெற்றிக்குப் பின்னர் ஒரு விஞ்ஞானி தம் வழியே செல்வது இயல்பு. குமாரசுவாமி திசை மாறினார். அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதுதான் அவருடைய வாழ்விலேயே மிகச் சுவையான பகுதி.

கல்லைத் தேடிச் சென்ற ஊர்களிலே அவர் கைவினைஞரைக் கண்டார். இரும்புக் கல்லை உலையிலிட்டு, காலால் துருத்தி மிதித்து இரும்பு எடுக்கும் குடிகள் அன்று இன்னும் ஓரிருவர் எஞ்சியிருந்தனர். கனிப்பொருள் அதிகாரி என்ற முறையில் அவர்களுடைய தொழிலை அவர் எழுதிவைக்க வேண்டியவரே. ஆனால் உலையைப் பார்த்தவர் உலையோடு நில்லாமல், அந்த இரும்பால் ஆன உளியைப் பார்த்தார். உளி செதுக்கிய தூணைப் பார்த்தார். தூணைச் செதுக்கியவனுக்கு மன்னன் ஈந்த நிலத்தையும், அந்நிலத்தின் பட்டயத்தையும் பார்த்தார். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகச் சென்று ஒரு சமுதாயத்தின் அடிப்படை வரையில் இறங்கிவிட்டார்.

புவிச்சரிதவியலார் ஒரு கல்லைக் கண்டால் அதன் அழகோடு அமைவதில்லை. இது எங்கே படிந்தது, எவ்வளவு வெப்பம் கண்டது, எது இதனை நெருக்கியது என்றே வினவுவர். குமாரசுவாமி ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் முன் நின்றும் அதே வினாக்களை எழுப்பினார். இதனை வார்த்தவர் யார்? எந்தக் குலத்தவர்? எந்த அளவு நூலைக் கைக்கொண்டார்? யாருக்காக வார்த்தார்? கூலி நெல்லா, நிலமா? கலைப்பொருளைச் சேகரிப்போர் அதற்கு முன்னரும் இருந்தனர். அவர்களுக்கு விளக்குப் போதுமாயிருந்தது. இவருக்கோ விளக்கை வார்த்தவனும் வேண்டியிருந்தான்.

கண்டியைச் சுற்றிலும் அவருக்கு ஆசிரியர்கள் நிறைந்திருந்தனர். எம்பெக்கேயில் கதிர்காமக் கடவுளின் தேவாலயம் இருக்கின்றது. நம் முருகப்பெருமானே அங்குச் சிங்கள மக்களின் வழிபாட்டை ஏற்று எழுந்தருளியிருக்கிறார். அந்த மண்டபத்து மரத்தூண்களில் மல்லர் பொருகின்றனர். அன்னங்கள் கழுத்தோடு கழுத்துப் பின்னிக்கிடக்கின்றன. தாயொருத்தி குழந்தைக்குப் பாலூட்டுகின்றாள். அதற்கு அணித்தே கடலாதெனிய விகாரை 1344இல் கல்லால் எழுந்தது. அதனை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி எனச் சாசனம் கூறுகின்றது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் எந்தத் திசையிலிருந்து வந்தவர் என்பது நமக்கு விளங்கும். அதே ஆண்டைச் சேர்ந்த இலங்காதிலக விகாரையிலோ சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்விரு இனமும் கலையிலே ஒரே பந்தியில் அமர்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்தக் கற்களை விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

தெகல்தொறுவக் குகை விகாரையைத் தனியே சொல்லவேண்டும். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆதரவில் பதினெட்டாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓவியங்கள் அங்கே உள்ளன. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்னும் துறவியின் பெயர் அவற்றோடு சேர்த்து வழங்கப்படுகின்றது. குகையின் விதானத்திலே மாரனின் படை புத்தரை வளைத்துக்கொண்டு ஆர்ப்பரிக்கின்றது; சுவர்களிலே வெசந்தர சாதகமும் சுதசோம சாதகமும் கதை கதையாக நீளுகின்றன. அடிப்படையில் சிவப்பு, அதன்மேல் மஞ்சள், வெள்ளை, கறுப்பு. அவ்வளவுதான் வண்ணம். ஆனால் அந்த வண்ணங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் குமாரசுவாமி விடாது கேட்டறிந்தார். வெள்ளை, மலைப்பகுதியில் தோண்டியெடுக்கும் மகுலு என்னும் வெண்மண். சிவப்பு, நம் சித்த வைத்தியர் நன்கறிந்த சாதிலிங்கம். மஞ்சள், கொக்கட்டு மரத்தின் பிசின். கறுப்பு, விளக்கெரித்துச் சேர்த்த புகைக்கரி. தூரிகையோ புல்லின் நுனியும் தாழை விழுதின் நாரும் விலங்கின் மயிரும். மலையே அரைபட்டு, மலைக்குகையின் சுவரிலே ஓவியமாயிற்று. கல்லைக் கற்றவர் கலைக்கு வந்தது இடம் மாறியதாகாது. இருந்த இடத்திலேயே இன்னும் சற்று ஊன்றி நோக்கியதே ஆகும்.

புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கையும் அவர் நுணுக்கமாக விவரித்திருக்கின்றார். குறித்த நல்வேளையில் சிற்பி சிலையை நேரே நோக்காமல் கண்ணாடியில் பார்த்தபடியே விழியை எழுதுவான். அதுவரை கல்லும் சுதையுமாக இருந்தது அக்கணம் முதல் வழிபாட்டுக்குரியதாகின்றது. அந்த ஒரு கணத்துக்காகவே நாட்கணக்கில் ஏற்பாடுகள் நடக்கும். சிற்பிக்குத் துணியும் பொருளும் பரிசாகக் கிடைக்கும்.

இவ்வளவு செழிப்பாக இருந்த தொழில் அவர் வந்து பார்த்தபோது நலிந்து கிடந்தது. அதன் காரணத்தையும் அவர் ஆராயாமல் விடவில்லை. கண்டி மன்னரின் காலத்தில் சிறந்த கைவினைஞர் பட்டல் ஹதர எனப்படும் நான்கு அரச பட்டறைகளில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கு மானியமாக நிலம் உண்டு. நிலத்துக்கு ஈடாகத் தொழில் உண்டு. 1815இல் மன்னன் போனான். 1832இல் இராசகாரிய முறை ஒழிந்தது. பின்னர் மலைகளில் காடழிந்து கோப்பி வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் ஏழைத் தொழிலாளர் தம் எலும்பை உரமாக்கி அந்த மலைகளைப் பசுமையாக்கினர். துறைமுகத்திலே மஞ்செஸ்டர்த் துணியும் ஜெர்மானியச் சாயமும் மலிவாக வந்திறங்கின. கைத்தறியும் வேர்ச்சாயமும் அவற்றின் முன் நிற்கமுடியுமா? தட்டானின் மகன் தட்டானாகவில்லை, கந்தோரில் எழுதுவினைஞனானான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

குமாரசுவாமிக்கு இந்தக் காட்சி நெஞ்சிலே தைத்தது. தம் நாட்டுத் தாயொருத்தி குழந்தையோடு ஐரோப்பிய உடையில் வரக் கண்ட அனுபவத்தை வைத்து, இரவல் இறகுகள் எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரத்தை 1905இல் கண்டியிலேயே வெளியிட்டார். அதே ஆண்டில் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பாழாகிவரும் பழைய கட்டடங்களையும் கலைச்செல்வங்களையும் காத்தல் அவர்களுடைய கடமையென இடித்துரைத்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். தாய்மொழியிலே கல்வி வேண்டும், நாட்டுக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மேடைதோறும் பேசினார். ஆங்கிலத் தாய்க்குப் பிறந்து ஆங்கில நாட்டில் வளர்ந்தவர், இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்தவர்களை நோக்கி நீங்கள் நீங்களாக இருங்கள் என்று வேண்டவேண்டியதாயிற்று.

இவை யாவற்றிலும் துணைவியாரின் பங்கு பெரிது. ஈத்தல் அம்மையார் ஊரூராகச் சென்று நிழற்படம் எடுத்தார்; பழைய சிங்களப் பின்னல் வேலைகளைத் திரட்டி 1906இல் அதுபற்றி எழுதினார். கண்டி மலைக் கிராமங்களில் கண்ட தறியும் சாயமும் அம்மையாரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னாளில் இருவரும் பிரிந்தனர். அதன் பின்னரும் அவர் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் தறியமைத்து, இயற்கைச் சாயமூட்டிய துணி நெய்து, 1952இல் மறையும் வரையில் அந்நாட்டுக் கைநெசவின் தாயாக விளங்கினார். கண்டிப் பகுதியில் தூவிய வித்து எங்கே முளைத்தது பாருங்கள்.

குமாரசுவாமி 1906இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பதவியையும் அந்த ஆண்டோடு விட்டார். இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு இங்கிலாந்து சென்று, பிராட் காம்டன் என்னும் சிற்றூரில் ஒரு பழைய தேவாலயத்தைப் புதுக்கி அமைத்த இல்லத்தில் தங்கினார். அங்கேதான் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் உருவாயிற்று. யந்திரங்கள் செய்த பொருள்களை வெறுத்துக் கைத்தொழிலைப் போற்றிய வில்லியம் மொரிஸ், சாசரின் கவிதைகளை அச்சிட்ட அதே கை அச்சுப்பொறியில் இந்நூலும் அச்சாயிற்று. ஒவ்வொரு தாளையும் கையாலே அச்சிட்டு முடிக்க ஏறத்தாழப் பதினைந்து மாதம் சென்றது. 1908இல் நூல் வெளிவந்தபோது பிரதிகள் 425 மட்டுமே.

கைவினைஞரைப் பற்றிய நூலைக் கைவினையாகவே செய்யவேண்டும் என்று அவர் கொண்ட பிடிவாதம் போற்றத்தக்கது. எனினும் நமக்கு ஒரு குறை தோன்றாமலில்லை. எவருடைய உளியைப் பற்றி அந்நூல் பேசிற்றோ அவர்கள் அதனைக் கையால் தொடவும் இயலாது. தொட்டாலும் படிக்க இயலாது. ஆங்கிலத்திலே 425 பிரதிகள் என்றால் அது செல்வரின் நூலகங்களுக்கே உரியது. மற்றுமொன்று. பழைய கண்டி அரசின் கட்டுக்கோப்பை அவர் கண்ட பார்வையிலே பரிவு மிகுதி. இராசகாரியத்தின் சுமையும் குலப் பிரிவினையின் கொடுமையும் அவருடைய பக்கங்களில் மெலிதாகவே ஒலிக்கின்றன. அழிந்துபோகும் ஒன்றைக் காதலித்தவர் அதன் குற்றத்தைக் காண மறுத்தல் உலகியல்பு. ஆயினும் அந்நூல் எழுதப்பட்டிராவிடின், மகுலு மண்ணை எவ்வாறு கரைப்பது, எந்த அளவில் புத்தரின் முகம் அமையவேண்டும், எந்தக் குடி எந்த விகாரைக்கு எந்தத் தொழில் செய்யக் கடமைப்பட்டிருந்தது என்பவற்றுள் பலவும், கடல் போனது போலவே போயிருக்கும். பின்னே கல்கூட எஞ்சியிராது.

அதன் பின்னைய வாழ்வு உலகறிந்தது. இராசபுத்திர ஓவியத்தைத் தனியொரு மரபாக இனங்கண்டு 1916இல் நூல் வெளியிட்டார். தாம் திரட்டிய ஓவியங்களை இந்தியாவுக்கே அளித்து ஓர் அரும்பொருளகம் அமைக்க விரும்பினார், அது கைகூடவில்லை. 1917இல் அமெரிக்காவின் பொஸ்தன் நுண்கலை அரும்பொருளகம் அவரையும் அவருடைய சேகரத்தையும் ஒருங்கே வரவேற்றது. சிவநடனம் என்னும் கட்டுரைத் தொகுதி 1918இலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927இலும் வந்தன. தில்லைக் கூத்தனின் தாண்டவத்தை மேல்நாட்டறிஞர் மதிக்கத் தொடங்கியதில் அவருடைய எழுத்துக்குப் பெரும்பங்குண்டு.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு கிழமை கழித்து அவருக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் எடுத்த விழாவிலே, விரைவில் இந்தியாவுக்குத் திரும்பி அங்கேயே எஞ்சிய நாளைக் கழிக்கப்போவதாக அவர் அறிவித்தார். செப்டெம்பர் 9ஆம் நாள் மசச்சூசெட்சு மாநிலத்து நீதம் ஊரிலுள்ள தம் இல்லத்திலேயே உயிர் நீத்தார். இடைக்காலச் சிங்களக் கலையின் இரண்டாம் பதிப்பு 1956இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. அவர் அதனைக் காணவில்லை.

இன்றும் கண்டியிலிருந்து அமுனுகமைப் பக்கம் சென்றால் தெகல்தொறுவக் குகையைக் காணலாம். உள்ளே இருள். விளக்கை உயர்த்திப் பிடித்தால் மாரனின் சேனைக்கு நடுவே முதலில் கண்ணில் படுவது அந்த வெண்மைதான்.